பழைய இங்கிலீஷ் சைக்கிளை மலையில் புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பழைய ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். குன்னூரில் இருந்துகொண்டு இந்த வண்டிகளோடு பல காலமாகப் புழங்குவதால், ஒரே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. பதில்களிலும் ஈரம் என்ற பேச்சு திரும்பத் திரும்ப வரும். கோவையிலோ சென்னையிலோ செய்தவர் சொல்லும் முறை நம் மூடுபனியில் அப்படியே எடுபடாது.

எங்க தாத்தா சைக்கிள் ஒண்ணு கொட்டகையில கிடக்குது. இங்கிலாந்து வண்டிதானா, இல்ல நம்ம ஊர்ல செஞ்சதா?

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ராலே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்யப்பட்டது, பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் மூன்றும் பர்மிங்ஹாம். ஆனால் 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் அம்பத்தூரிலேயே தயாராயின. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே நிறுவனம் ராலே வண்டிகளைச் செய்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் தகடு, ஹப் (சக்கரத்தின் நடு உருளை), பல்சக்கரம், சீட்டின் பக்கவாட்டுத் தோல் ஆகிய எல்லாவற்றிலும் ஊர்ப் பெயரைத் தேடுங்கள்.

பல்சக்கரமே பாதி அடையாளம் சொல்லிவிடும். ராலேயில் நாரைத் தலை, ரட்ஜில் விரித்த கை, பி.எஸ்.ஏ.வில் அந்த மூன்று எழுத்து அல்லது சாய்த்து வைத்த மூன்று துப்பாக்கி. ஹம்பர் என்றால் முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு கம்பி இருக்கும். அம்பத்தூர் வண்டி என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். கீழே சொல்பவை அதற்கும் பொருந்தும், அதுவும் காப்பாற்ற வேண்டிய வண்டிதான்.

எந்த வருஷத்து வண்டின்னு கண்டுபிடிக்க முடியுமா?

பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் வேலை சுலபம். ஹப்பின் உடம்பில் பல வருட கிரீஸும் மண்ணும் சேர்ந்து தார் போல ஒட்டியிருக்கும். அதை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் ஏ.டபிள்யூ. என்ற எழுத்தும் பக்கத்தில் எண்களும் தெரியும். 52, 8 என்றிருந்தால் 1952 ஆகஸ்ட். ஏ.டபிள்யூ. ஹப் வந்ததே 1936-இல்தான்.

இது ஹப்பின் வயது. இடையில் யாராவது சக்கரத்தை மாற்றியிருக்கலாம். பி.எஸ்.ஏ. வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1957-இல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவை ராலே வாங்கிவிட்டது. அதற்குப் பிந்தைய வண்டிகளில் ராலே பாகங்கள் கலந்திருக்கும். உதிரிபாகம் வாங்கும்போது இது முக்கியமாகும்.

முழுசா சுரண்டிட்டு புதுசா பெயின்ட் அடிச்சிடலாம்ல?

அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்துக் கறுப்பு, எனாமலைப் பூசி அடுப்பில் சுட்டு இறுக்கியது. வீட்டில் நாம் அடிக்கும் எந்தப் பெயின்டும் அந்தக் கெட்டித்தன்மைக்கு வராது. கையால் இழுத்த தங்கக் கோடும், ஒட்டிய முத்திரை எழுத்தும் ஒருமுறை போனால் போனதுதான்.

முதலில் ஈரத் துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். அழுக்குக்கு அடியில் கறுப்பு பளிச்சென்று தெரிந்தால், அந்தப் பெயின்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மென்மையான துணி, காய்ந்தபின் கார் மெழுகு. அவ்வளவு போதும். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் மூன்றும் பழைய எழுத்தைக் கரைத்துவிடும், கிட்டே கொண்டுபோகாதீர்கள். துரு தின்ற இடங்களை மட்டும் சுத்தம் செய்து, பிரைமர் வைத்து, கறுப்பு தொட்டுவிடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு பெயின்ட் நன்றாக இருக்கும் வண்டியை முழுதாகச் சுரண்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெயின்ட் பெரும்பாலும் போய், வெறும் துருவும் யாரோ வீட்டுக் கதவுக்கு அடித்த பச்சையும்தான் மிச்சம் என்றால், முழுப் பெயின்ட் நியாயம். ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த எமரி போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள், குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

வெளிய கொஞ்சம் துரு இருக்கு. வண்டி தேறுமா?

வெளியே தெரியும் துருவை நினைத்துப் பயப்படாதீர்கள். மலையில் சைக்கிள் உள்ளிருந்துதான் அரிக்கும். பகலில் வெயில், ராத்திரியில் குளிர்; பைப்புக்குள் இருக்கும் காற்றின் ஈரம் உள்சுவரில் வியர்த்து, வழிந்து, பெடல் அச்சு உட்காரும் கிண்ணத்தில் போய்த் தேங்கும். வருடக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியில் இது தினமும் நடந்திருக்கிறது.

சீட் கம்பியைக் கழற்றிவிட்டு ஃப்ரேமைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுங்கள். காப்பித்தூள் மாதிரி கொஞ்சம் கொட்டினால் சாதாரணம். தகடு தகடாக உதிர்ந்தால் கவனம் தேவை. சின்ன ஸ்பேனரால் பைப் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல பைப் கணீரென்று பேசும், மெலிந்த இடம் மொத்தென்று கேட்கும். கிண்ணத்தின் அடிப்பகுதி, சீட் பைப்பின் கீழ்முனை, பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் கம்பிகள், முன் ஃபோர்க்கின் கழுத்து ஆகிய நான்கு இடத்திலும் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்தி வைத்துப் பாருங்கள். ஃபோர்க் கழுத்து உள்வாங்கினால் அந்த ஃபோர்க்கில் ஓட்டக் கூடாது. வேறு ஃபோர்க் தேட வேண்டும். மற்ற இடங்களில் சிறு ஓட்டை என்றால் கேஸ் வெல்டிங்காரரிடம் பித்தளை ஓட்டச் சொல்லலாம். இந்த ஃப்ரேம்கள் லக் (பைப் முனைகள் செருகும் இரும்பு உறை) வைத்துப் பித்தளையால் இணைத்தவை. கரன்ட் வெல்டிங் வைத்தால் மெல்லிய பைப் எரிந்து ஓட்டை பெரிதாகும், பக்கத்துப் பித்தளை இணைப்பும் கெடும்.

எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கழற்றுமுன் போட்டோ எடுங்கள். குறிப்பாக ராடு பிரேக்கின் ஒவ்வொரு இணைப்பையும், மட்கார்டு கம்பிகள் எந்தப் பக்கம் போகின்றன என்பதையும். பால்ரஸ், கோன், நட்டு எல்லாவற்றையும் இடம்வாரியாகத் தனித்தனி டப்பாவில் போட்டு எழுதி ஒட்டுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் முழுதாகக் கழற்றி, தேய்மானம் பார்த்து, வளைவு நிமிர்த்தி, உதிரிபாகம் சேர்த்து, பெயின்ட் இல்லாத நிலையிலேயே ஒருமுறை பூட்டி ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகே மறுபடி கழற்றிப் பெயின்ட். புதுப் பெயின்ட் அடித்தபின், பெடல் அச்சின் பால்ரஸ் ஓடும் கப் இறங்கவில்லை, மட்கார்டு இடிக்கிறது என்று சுத்தியலை எடுக்கும் நிலை வரவே கூடாது.

காட்டர் பின் அசையவே மாட்டேங்குது. சுத்தியல்ல அடிச்சு அடிச்சு தலையே நசுங்கிடுச்சு.

பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்புதான் காட்டர் பின். இதில்தான் நிறையப் பேர் கிராங்கையும் அச்சையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். அடியின் வேகம் பின்னுக்குப் போகாமல், கிராங்கு துள்ளி பால்ரஸுக்குப் போவதுதான் காரணம். ஆகவே கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். தரையிலிருந்து சரியாக அந்த உயரத்துக்கு ஒரு கனமான இரும்புக் குழாயை நிறுத்தி, காட்டர் பின் வெளிவரும் பக்கம் குழாயின் துளைக்கு நேராக வரும்படி கிராங்கை அதன்மேல் உட்கார வையுங்கள். முதல் நாளே துருவை இளக்கும் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். நட்டைக் கழற்றாமல், பின்னின் மரை முனையோடு சமமாக நிற்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். அது மரையைக் காக்கும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே நேர் அடி. தயங்கித் தயங்கி அடிக்கும் பத்துச் சிறு அடிகள்தான் தலையை நசுக்குகின்றன.

உங்கள் பின் ஏற்கெனவே நசுங்கிவிட்டதால் தலையை அரத்தால் சமமாக்கிவிட்டு, பெரிய வைஸில் ஒரு பக்கம் சாக்கெட் வைத்து அழுத்திப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் லேத் பட்டறையில் நடுவே துளை போட்டு எடுப்பார்கள். புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இந்த இங்கிலீஷ் வண்டிகளுக்கு 9.5 மி.மீ. வேண்டும், கடையில் 9 மி.மீ. பின்னும் இருக்கும், அது போட்டால் கிராங்கு ஆடும்.

செயின் பக்கத்துக் கப்பை எவ்வளவு திருகினாலும் வரலையே?

எந்தப் பக்கம் திருகுகிறீர்கள்? செயின் பக்கத்துக் கப்புக்கு எதிர் மரை. வலப்புறமாகத் திருகினால்தான் கழலும். இடது பெடலுக்கும் அப்படியே எதிர் மரை. கப்பின் உள்முகம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். இருந்த இடத்திலேயே துடைத்து, பெயின்ட் படாமல் துணி அடைத்துவிடுங்கள்.

சீட் கம்பி ஃப்ரேமோட ஒட்டிக்கிட்டு திரும்ப மாட்டேங்குது.

அசிட்டோனும், ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு விடும் ஏ.டி.எஃப். ஆயிலும் சரிபாதி கலந்து மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, சில நாள் பொறுங்கள். தினம் ஒருமுறை கம்பியின் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். பிறகு கம்பியை வைஸில் இறுகப் பிடித்து, ஃப்ரேமையே நெம்புகோலாக்கித் திருப்புங்கள். கொஞ்சம் அசைந்துவிட்டால் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்துவிடலாம். அசிட்டோன் கலவை இருக்கும்போது தீ கிட்டே வரக் கூடாது. பழைய பெயின்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இந்தக் கலவையை வழியவிடாதீர்கள். அசிட்டோன் அதையும் உரித்துவிடும்.

துருவுக்கு பாத்ரூம் ஆசிட் ஊத்தலாமா? சீக்கிரம் போயிடும்னு சொன்னாங்க.

வேண்டவே வேண்டாம். துருவோடு குரோமையும் இரும்பையும் சேர்த்துத் தின்னும். லக் இடுக்கில் புகுந்த ஆசிட்டைக் கழுவி எடுக்கவும் முடியாது. அது உள்ளே இருந்துகொண்டு, பெயின்ட் அடித்த பின்னும் வேலை செய்யும்.

சின்னப் பாகங்களுக்கு ஆக்சாலிக் ஆசிட் நல்லது. தரை பாலிஷ் போடுகிறவர்களுக்காக ஹார்டுவேர் கடையில் தூளாக வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் போட்டு, பாகங்களை முழுக வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். அது விஷம், கையுறை கட்டாயம், வாளிக்கு மூடி கட்டாயம். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, உடனே எண்ணெய் தடவுங்கள். நம் காற்றில் கழுவிய இரும்பு ஒரு மணி நேரத்தில் மறுபடி சிவக்கும். ஃப்ரேமுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றியும் வாட்டர் பேப்பரும் போதும்.

பழைய ஸ்டிக்கர் பசைக்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. நீலகிரித் தைலத்தைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் குரோம் மேல் இருக்கும் பசை இளகி வந்துவிடும். பழைய எழுத்துகள் மேல் மட்டும் அது படக் கூடாது.

ஹேண்டில்பார், ரிம் எல்லாம் திரும்ப குரோம் போடணுமா?

அலுமினிய ஃபாயிலைச் சுருட்டி, தண்ணீரில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகளில் முக்கால்வாசி போய்விடும்; அடியில் நல்ல கெட்டி நிக்கல் இருக்கிறது. மெழுகு தடவி வைத்தால் அந்தப் பளபளப்பு நிற்கும்.

உரிந்து தொங்கினால்தான் மறுமுலாம். அதற்கு மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். நம் பக்கத்தவர் கோவைக்கும், கொடைக்காரர்கள் மதுரைக்கும் கொண்டுபோகிறார்கள். கொடுக்கும்போது பாலிஷ் சக்கரத்தில் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று நின்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு பட்டறையில் நான் கொடுத்த பல்சக்கரம் பளபளவென்று திரும்பி வந்தது. அதிலிருந்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கிப் போயிருந்தன.

எந்த மாசம் பெயின்ட் அடிக்கலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. கூடலூருக்கும் ஊட்டியின் மேற்குப் பக்கத்துக்கும் ஜூனிலிருந்தே தென்மேற்கு. ஜனவரியில் ஊட்டியில் காலை உறைபனி இருந்தாலும் காற்று உலர்ந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மாலை மூடுபனி ஏறும் நேரத்தில் ஈரப் பெயின்ட் வெளியே இருக்கக் கூடாது.

நேரம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை. ஈரத் துணியால் ஃப்ரேமில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்தில் அது காயாவிட்டால் அன்றைக்குப் பெயின்ட் வேண்டாம். குளிர்ந்த அறையிலிருந்து ஃப்ரேமை எடுத்து வந்ததும் அடிக்காதீர்கள். இரும்பு வியர்த்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அடிக்கப்போகும் இடத்திலேயே சில மணி நேரம் தொங்கவிட்டு, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆரம்பியுங்கள்.

சீக்கிரம் காயட்டும் என்று அறைக்குள் கரியடுப்பு வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தின்னர் ஆவி தீப்பிடிக்கும். மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொல்லும். குளிருக்குக் கரியடுப்பு மூட்டி, கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போன செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

என்ன பெயின்ட்? பிரஷ்ஷா, ஸ்ப்ரேயா?

வீட்டில் செய்பவருக்கு என் பரிந்துரை சிந்தெடிக் எனாமல், நல்ல பிரஷ், நிறையப் பொறுமை. வெறும் இரும்பின் மேல் எபாக்ஸி பிரைமர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, இல்லாவிட்டால் ரெட் ஆக்சைடு. குழிகளுக்கு மெல்லிய பட்டி. 400-ஆம் எண் வாட்டர் பேப்பர், பிறகு 800. தேய்த்த ஈரம் முழுதாகக் காய ஒரு முழு வெயில் நாள் விட வேண்டும். அதன்மேல் டர்பன்டைன் கலந்து இளக்கிய கறுப்பை மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே லேசாகத் தேய்க்க வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் காயும் நேரம் சமவெளிக்கானது. இங்கே குறைந்தது இரண்டு மடங்கு விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த பூச்சின் மேல் அடுத்ததை அடித்தால் சுருங்கிப்போகும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு மாதம் தொங்கவிடுங்கள். நகம் பதியாத நிலைக்கு வந்தபிறகே பூட்ட வேண்டும்.

கார்களுக்கு அடிக்கும் டூ.கே. பெயின்ட் இன்னும் கெட்டி, இன்னும் பளபளப்பு. ஆனால் அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. வீட்டு வராந்தாவில் அதை ஸ்ப்ரே செய்யாதீர்கள். பிரைமர் வரை நீங்கள் செய்து, கறுப்பை மட்டும் கார் பெயின்ட் கடையில் அடித்து வாங்குங்கள்.

பவுடர் கோட்டிங் கொடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே?

முடியும். தினமும் மழையில் வேலைக்குப் போகும் வண்டி என்றால் தாராளமாகக் கொடுங்கள். பழமைக்காக வைத்திருக்கும் வண்டிக்கு வேண்டாம் என்பேன். பூச்சு தடிமனாக உட்காருவதால் லக்கின் கூர்மையான ஓரம், ஃப்ரேம் எண் எல்லாம் மழுங்கிவிடும். எங்காவது ஒரு கீறல் விழுந்தால், நம் ஈரம் அதற்குள் புகுந்து தோலுக்கு அடியிலேயே துருவை நடத்திக்கொண்டு போகும், உரியும்போதுதான் தெரியும். கொடுப்பதானால் மரை உள்ள இடங்களை எல்லாம் அடைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

ஸ்ப்ரே டப்பால அடிச்ச கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு. பெயின்ட் கெட்டதா?

பெயின்ட் மேல் தப்பில்லை. லேக்கர் வகைப் பெயின்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. உலர்ந்த நாளில் ரிடார்டர் தின்னர் (மெதுவாக ஆவியாவது) கலந்து ஒரு மெல்லிய பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மேலே சொன்ன ஈரத்துணிச் சோதனையைச் செய்திருந்தால் இது வந்திருக்காது. ஒன்று கவனியுங்கள்: எனாமலுக்கு மேல் லேக்கர் அடிக்கக் கூடாது, அடியில் இருப்பதைக் கிளப்பிவிடும்.

தங்கக் கோடு எப்படிப் போடறது? ஸ்டிக்கர் ஒட்டிடலாமா?

ஸ்டிக்கர் ஓரம் ஈரத்தில் கிளம்பும், பார்க்கவும் பொம்மை வண்டி ஆகிவிடும். லாரி பாடிக்கும் கடை போர்டுக்கும் எழுதும் பெயின்டர் ஊருக்கு ஒருவராவது இன்னும் இருக்கிறார். அவரைத் தேடிப் போங்கள். நீண்ட மயிர் கொண்ட மெல்லிய பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, சுண்டுவிரலைப் பைப்பின் விளிம்பில் ஊன்றி, மூச்சை அடக்கி, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கொண்டுவருவார். கோட்டின் தொடக்கம் ஒரு மயிரிழை தடித்திருக்கும், நடுவில் சீராகி, முடிவில் கூர்ந்துவிடும். நாட்டிங்ஹாமிலும் பர்மிங்ஹாமிலும் இப்படித்தான் கையால் போட்டார்கள். அந்தச் சிறு ஏற்றத்தாழ்வுதான் கோட்டுக்கு அழகு. நீங்களே செய்வதானால் பெயின்ட் நன்கு இறுகியபின் செய்யுங்கள். தவறினால் டர்பன்டைன் தொட்ட துணியால் உடனே துடைத்து மறுபடி இழுக்கலாம்.

எழுத்துக்குத் தண்ணீரில் நனைத்து நகர்த்தும் முத்திரைத் தாள் கிடைக்கிறது. ஒட்டிக் காய்ந்தபின் மேலே வார்னிஷ். ஆனால் அந்த வார்னிஷை ஒரு தகரத் துண்டில் அடித்துச் சோதித்த பிறகே வண்டியில் அடியுங்கள்.

கறுப்பு பிடிக்கலை. வேற கலர் அடிச்சா தப்பா?

உங்கள் வண்டி, உங்கள் விருப்பம். ராலேயில் பச்சை வண்டிகளும் வந்திருக்கின்றன, ஆகவே கரும்பச்சை பொருத்தமாகவே இருக்கும். மாற்றுமுன் பழைய நிறத்தை மறைவான ஓரிடத்தில், கிண்ணத்துக்கு அடியில், கொஞ்சம் விட்டுவையுங்கள். பின்னால் வருகிறவருக்கு அது உதவும்.

பைப்புக்கு உள்ள துரு பிடிக்காம என்ன பண்றது?

கொதிக்க வைத்துப் பக்குவம் செய்த ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். ஒவ்வொரு பைப்பிலும் கொஞ்சம் ஊற்றி, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட்டு, சில வாரம் காயவிடுங்கள். உள்ளே ஒரு தோல் போலப் படிந்துவிடும்.

இதை எப்போது செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பெயின்டுக்கு முன் செய்தால் லக் இடுக்கு வழியாகக் கசிந்து, பெயின்டைப் பிடிக்கவிடாது. பெயின்ட் இறுகிய பிறகு, பூட்டுவதற்கு முன் செய்யுங்கள். வெளியே வழிந்ததை உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

டயர், போக்ஸ் கம்பி, கப் எல்லாம் நம்ம கடையில கிடைக்குமா?

பெரிய வண்டியின் 28 x 1½ டயர் இன்றைக்கும் எல்லாச் சைக்கிள் கடையிலும் உண்டு. முன்னால் 32, பின்னால் 40 கம்பி என்ற இங்கிலீஷ் கணக்கையே நம் நாட்டு வண்டிகளும் பின்பற்றியதால் ரிம்மும் பொருந்தும்.

சிக்கல் ராலேயின் மரையில். மற்ற இங்கிலீஷ் வண்டிகளின் பெடல் கப்பில் அங்குலத்துக்கு 24 மரை. ராலே தன் வழக்கமாக 26 வைத்திருந்தது. கடையில் இருக்கும் சாதாரணக் கப் இரண்டு சுற்று இறங்கி இறுகும். சாவி போட்டுத் திருகினால் கிண்ணத்தின் மரை போய்விடும், அதன்பின் அந்த ஃப்ரேமைத் தேற்றுவது கடினம். ஆகவே ராலேயின் பழைய கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப் பால்ரஸ் போட்டாலே பெரும்பாலும் ஓடும்: பெடல் அச்சுக்குக் கால் அங்குலப் பால்ரஸ், பக்கத்துக்கு 11.

லெதர் சீட்ல பூஞ்சை. தேங்காய் எண்ணெய் போட்டு ஊறவைக்கவா?

எண்ணெயில் ஊறினால் தோல் தளர்ந்து தொட்டிலாகிவிடும். உலர்ந்த துணியால் பூஞ்சையைத் துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, தேன்மெழுகை லேசாக உருக்கித் தடவுங்கள். கோத்தகிரி, ஊட்டிக் கடைகளில் நல்ல தேன்மெழுகு கிடைக்கிறது. மூக்கின் அடியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்க வேண்டும்; காய்ந்த தோல் ஆணி இடத்தில் கிழிந்துவிடும்.

மூணு கியர் இருக்கு, ஆனா மேட்டுல மிதிக்கும்போது திடீர்னு விட்டுடுது. உள்ள தேஞ்சிடுச்சா?

பெரும்பாலும் தேய்மானம் இல்லை, ஒயர் அளவுதான். இரண்டாவது கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் இருக்கும் ஓட்டை வழியே பாருங்கள். சங்கிலியோடு சேர்ந்த சின்னக் கம்பியின் தோள், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. ஒயர் தவறினால் அங்கே போய் நிற்கும். எழுந்து நின்று மிதிப்பவர் நேராகப் பாரில் விழுவார். சரிசெய்யும்வரை உட்கார்ந்தே ஓட்டுங்கள். ஹப்பின் ஆயில் துளையில் இளகிய மெஷின் ஆயில் மட்டும் சில சொட்டு. தேங்காய் எண்ணெய் இங்கே பாட்டிலிலேயே உறைந்து நிற்கிறது, ஹப்புக்குள் என்ன செய்யும்?

மேடு கஷ்டமாக இருந்தால் பின் பல்லை மாற்றுங்கள். முன்னால் 46, பின்னால் 18 என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றும். 22 பல் போட்டால் இரண்டு சுற்றுதான். முதல் கியரில் அதிலும் கால் பங்கு குறையும். செயினில் கண்ணி கூட்ட வேண்டிவரும். முழுச் செயின் கவர் உள்ள வண்டியில் பெரிய பல் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் முடிச்சாச்சு. கல்லட்டி வழியா மசினகுடி இறங்கலாமா?

கூடாது. 36 கொண்டை ஊசி வளைவு உள்ள இறக்கத்துக்கு ராடு பிரேக் செய்யப்படவில்லை. கட்டை ரிம்மின் உள்முகத்தில் உரசி நிறுத்தும் அமைப்பு அது. குரோம் இரும்பு நனைந்தால் பிடிமானம் பாதிக்கு மேல் போய்விடும். ஏரியைச் சுற்றவும் கடைத்தெருவுக்குப் போகவும் ஓட்டுங்கள். செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தோல் முகம் வைத்த பிரேக் கட்டை கிடைத்தால் மழையில் உதவும். அழகுக்காக ரிம்மின் உள்முகத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள், பிரேக் அங்கேதான் பிடிக்க வேண்டும்.

அடிச்சு ரெண்டு மாசம்தான் ஆச்சு. லக் ஓரத்துல கொப்புளம் கொப்புளமா வருது. ஏன்?

ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். பழுப்புத் தண்ணீர் வந்தால் இடுக்கில் துருவோ ஆசிட்டோ மிச்சம் இருந்திருக்கிறது. தெளிந்த தண்ணீர் என்றால் பிரைமர் அடித்த நாளில் இரும்பு வியர்த்திருக்கிறது. பிசுபிசுப்பாக இருந்தால் லின்சீட் ஆயில் முன்னதாகவே போய்விட்டது. மூன்றுக்கும் காரணம் மேலே தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முழு ஃப்ரேமையும் சுரண்ட வேண்டாம். கொப்புளத்தைத் தாண்டி நல்ல பெயின்ட் வரும்வரை தேய்த்து இரும்பை வெளியே கொண்டுவாருங்கள். ஆசிட் என்று சந்தேகம் இருந்தால் சோடாத் தண்ணீரை இடுக்கில் விட்டுக் கழுவி, ஹேர் டிரையரால் லக் முழுதும் சூடேறும்வரை காயவைத்து, சூடு தணியுமுன் பிரைமர் வையுங்கள். இப்போது மழைக்காலம் என்றால் பிரைமரோடு நிறுத்தி, அது நன்றாகக் காய்ந்தபின் கார் மெழுகைத் தடவி வைத்துவிடுங்கள். ஜனவரியில் மெழுகை டர்பன்டைனால் துடைத்து, லேசாகத் தேய்த்து, கறுப்பு அடிக்கலாம்.